மிளகாய் மேல் விழுந்த பழி

“ஏம்மா முனி, நீ பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ. நீ சொல்லு. இந்த ஓசூரே மிளகா தின்னுது. எம் பிரியாணியத்தான் தின்னுது. எனக்கு மட்டும் என்னாத்துக்கு வயித்துல ஓட்டை உழுந்துச்சு?”

தஸ்தகீர் பாய் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான் நான். ஆனால் எங்கள் பாடப்புத்தகத்தில், இரைப்பையில் அமிலம் சுரக்கும், அது உள்ளே வரும் கிருமிகளைக் கொல்லும் என்று இருந்ததே தவிர, பக்கத்து வீட்டு பாய்க்கு ஏன் ஓட்டை விழுந்தது என்று போடவில்லை. பரீட்சைக்கு வராத கேள்வி என்பதால் வாத்தியாரும் அதைத் தொடவில்லை.

பதில் தெரியாதவள் நான் ஒருத்திதான். ஊரில் மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் செத்துப் போகப் பார்த்தார்.

பாய்க்குச் சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. சிப்காட்டில் கம்பெனிகள் எழும்பத் தொடங்கிய எழுபதுகளில், கட்டட வேலைக்கு வந்த ஆட்களுக்குச் சோறு பொங்கிப் போட ஓசூர் வந்தவர். கட்டடம் முடிந்து ஆட்கள் போனார்கள், இவர் போகவில்லை. கட்டடத்துக்குள் மெஷின் வந்தது, மெஷினுக்கு ஆள் வந்தது, ஆளுக்கு யூனியன் வந்தது, யூனியனுக்கு வெற்றி விழா வந்தது. வெற்றி விழாவுக்குப் பிரியாணி வேண்டும். தோற்ற வருஷத்தில் ஆறுதலுக்கு அதைவிட அதிகமாக வேண்டும். இப்படி நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு அடியில் தஸ்தகீர் பாய் விறகு தள்ளிக்கொண்டிருந்தார்.

பாகலூர் சாலைப் பக்கம் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவரை நான் பாய் மாமா என்பேன். அவர் மனைவி காத்தூன் எனக்கு அத்தை. இரண்டு பெண்களையும் காவேரிப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, இருவர் மட்டும் இருந்தார்கள். பாய் மாமா ஒல்லி. “பிரியாணிக்காரன்னா தொப்பை வேணுமே, உனக்கு எங்க பாய்?” என்று யாராவது கேட்டால், “உங்க ஊட்டு விசேசத்துல விட்டுட்டு வந்துட்டேன். போயி உங்கப்பன் வயித்தப் பாரு, அங்கதான் இருக்குது” என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆவி போகாமல் அடைத்த தம்மை உடைத்து, தேக்சா என்ற பெரிய அண்டாவின் மூடியை எடுத்ததும், நடுவிலிருந்து ஒரு கரண்டி அள்ளித் தட்டில் போட்டுக்கொள்வார். விருந்து வைப்பவர் எதிரில் வந்து நின்று, பிஸ்மில்லா சொல்லி முதல் வாயைத் தானே தின்பார். மென்று, விழுங்கி, “ம், பந்தி போடுங்க” என்ற பிறகுதான் முதல் இலைக்குச் சோறு போகும். அவசரப்பட்டு இலையை நீட்டிய ஒரு மந்திரி ஆளையே நிற்க வைத்தவர். கேட்டால், “தான் தின்னப் பயப்படுற சோத்த ஊருக்குப் போடுறவன் சமையக்காரன் இல்ல, வெசம் வெக்கிறவன்” என்பார். ஜனங்களும் பழகிவிட்டார்கள். அவர் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் நாராயணப்பன் பெண்ணுக்குக் கல்யாணம். நாராயணப்பன் நிலத்தைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, நிலம் இருந்த காலத்தைவிடப் பெரிய விவசாயியாக நடந்துகொண்டவர். கல்யாணத்துக்கு மறுநாள் அவர் மாந்தோப்பில் கறி விருந்து. மிளகாய் விழுதில் ஊறிய ஆட்டுக்கறி வெந்த வாசனைக்கு, ரோட்டில் போன கர்நாடக பஸ்கூடக் கொஞ்சம் மெதுவாகத்தான் போனது.

மூடி திறந்தார்கள்.

“சீக்கிரம் பாய்! ஜனம் எலையையே தின்னுடும் போல இருக்குது” என்றார் நாராயணப்பன்.

“இருங்கண்ணா. இத்தினி வருசமா இல்லாத அவசரம் இன்னிக்கு என்னாத்துக்கு? பொண்ணத்தான் அனுப்பியாச்சு இல்ல?”

சொல்லிவிட்டு முதல் வாயை வைத்தார். மென்றார். விழுங்கினார். முகம் வெளுத்தது. தட்டைப் பக்கத்தில் நின்ற என் அப்பா கையில் கொடுத்துவிட்டு, ஒரு மாமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முதலில் காப்பித் தூள் கரைசல் மாதிரி வந்தது. பிறகு சிவப்பாக வந்தது. அது மிளகாய்ச் சிவப்பு இல்லை என்பது தூரத்தில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது.

அப்பாவும் இன்னும் நாலு பேரும் அவரைத் தக்காளி டெம்போவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தோப்பில் மீதியிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பந்தி போட்டார்கள். முதல் வாய்தான் ஆகிவிட்டதே, முறைக்கு ஒரு குறையும் இல்லை. தேக்சாவில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. கை கழுவிய பிறகுதான் அவர்களுக்குப் பயம் வந்தது. “ஆக்கினவனுக்கே சேரலையே, நம்ம வயிறு என்னாவுமோ” என்று வெற்றிலையை மடித்துக்கொண்டே கவலைப்பட்டார்கள்.

ஊர் டாக்டர் பாய் மாமாவின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். என்ன தொழில் என்று கேட்டார். பிரியாணி என்றதும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. “அல்சர். காரம் தின்னு தின்னு குடல ஓட்டையாக்கி வெச்சிருக்கீங்க. மிளகாயத் தொடக்கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி பால்” என்றார். ஒரே வார்த்தையில் நோயும் காரணமும் குற்றவாளியும் கிடைத்துவிட்டால் வேறு யாரைத் தேடுவது?

அதன் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் கொண்டு வந்தார்கள். பழம் வாங்கி வருவதைவிட அது சுலபம். என் அம்மா செல்வம்மாள், “அத்தினி பேரு பாக்க நின்னு தின்னா கண்ணு படாம இருக்குமா?” என்று உப்பைச் சுற்றிப் போட்டாள். ராயக்கோட்டையிலிருந்து வந்த வைத்தியர் மணத்தக்காளிக் கீரையைத் தவிர வேறு எதையும் கண்ணில் காட்டக்கூடாது என்றார். காத்தூன் அத்தை கிருஷ்ணகிரி தர்காவுக்கு நேர்ந்துகொண்டாள். யூனியன் செயலாளர் நல்லுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கம்பெனிகளோடு சேர்ந்து ஓசூருக்கு வந்திருந்த புது வார்த்தை ஒன்று அவரிடம் இருந்தது.

“டென்ஷன், பாய். எல்லாம் டென்ஷன்.”

“எனக்கு என்னா டென்ஷன்? நானா ஸ்ட்ரைக் பண்ணேன்?”

“பாத்தீங்களா? டென்ஷன் இருக்கறவங்களுக்கு அது இருக்கறதே தெரியாது.”

“அப்ப தெரியாதவன் எல்லாருக்கும் இருக்குதா?”

“எல்லாருக்கும் இருக்குது பாய். நாட்டு நெலம அப்பிடி.”

“அப்ப எல்லாருக்கும் ஓட்டை உழணுமே நல்லுசாமி. உன்து எங்க, காட்டு.”

நல்லுசாமி காட்டவில்லை. மீட்டிங் இருப்பதாகச் சொல்லி எழுந்து போனார்.

இவர்களால் எல்லாம் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் முனீர் அகமதுவிடமிருந்து வந்தது. முனீர், பாய் மாமாவிடம் வெங்காயம் உரிக்கச் சேர்ந்து, கரண்டி பிடிக்கக் கற்று, தனியாகத் தொழில் தொடங்கியவன். கறிக்கடையில் நின்றுகொண்டு அவன் எதுவும் கெட்டதாகப் பேசவில்லை. வருத்தப்பட்டான், அவ்வளவுதான். “பாவம் அண்ணன். சொந்த மசாலாவே அவர அறுத்துடுச்சு. நான் எப்பவும் காரம் கம்மி” என்று கண் கலங்கினான். அந்தக் கண்ணீர் ஓசூர் முழுக்கப் பாய்ந்தது. பாய் மாமாவுக்கு வர வேண்டிய விசேஷங்கள் ஒவ்வொன்றாக அந்த ஈரத்தில் வழுக்கி முனீர் வீட்டு வாசலில் போய் நின்றன.

நாராயணப்பன் மட்டும் பெரிய மனசு செய்தார். அடுத்த விருந்துக்கு, “நீ வந்து சேர் போட்டு உக்காந்துக்கோ பாய். முனீர் ஆக்கட்டும். நீ சும்மா பாத்துக்கோ” என்றார்.

“மொத வாய் யாரு திங்கிறது?”

“அதான் முனீர் திம்பான்.”

“அவன் தின்னுவானா? அவன் தக்காளி சாதத்தயே ஊறுகா தொட்டுக்காம முழுங்க மாட்டானே” என்று சொல்லிச் சிரித்தார் பாய் மாமா. நாராயணப்பன் போன பிறகு சிரிக்கவில்லை. பரணில் ஏற்றியிருந்த நீளக் கரண்டியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “மொத வாய் தின்ன முடியாதவன் அதத் தொடக்கூடாது, முனி” என்றார். தொழிலை விட்டுவிடுவதா, வேண்டாமா என்பது அந்த ஒரு வாயில்தான் இருந்தது.

மாதக்கணக்காகப் பால் குடித்தார். பால் உள்ளே போகும்போது எரிச்சல் அடங்கும், டம்ளர் காய்வதற்குள் திரும்ப வரும். டாக்டரிடம் சொன்னால், “அப்ப இன்னும் கொஞ்சம் பால்” என்றார். எங்கள் தெருவில் மிளகாய் வாசனையே அறியாத ஒரே வீடு அதுவாகத்தான் இருந்தது. அந்த வீட்டுக்காரருக்குத்தான் வயிறு எரிந்தது. அப்போதுதான் அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் விழித்ததும் இன்னொன்றும் கேட்டார்: “மிளகாய நிறுத்தி இத்தினி நாளாச்சு. இன்னும் எரியுதுன்னா, அது யாரு ஊட்டு மிளகா?”

இரண்டாவது முறை ரத்தம் வந்ததும் பெங்களூர் போகச் சொல்லிவிட்டார்கள். காத்தூன் அத்தைக்குக் கன்னடம் வராது. எனக்கு ஓரளவு வரும். மூன்று பேரும் பஸ் ஏறினோம். அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்ற நேரத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: “சரக்கு என்னான்னு தொறந்து பாக்காம உடமாட்டாங்க இங்க. என் வயித்த இத்தினி நாளா ஒருத்தனும் தொறந்து பாக்கல பாரு.”

பெங்களூரில் திறந்து பார்த்தார்கள். நுனியில் விளக்கு வைத்த குழாயைத் தொண்டை வழியாக இறக்கிப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் ஒருவர், பின்னால் சின்ன டாக்டர்கள் கூட்டத்தோடு வந்தார். இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் புண் ஆழமாக இருக்கிறது, இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்துவிட்டுக் குடலோடு தைத்துவிடலாம் என்றார். கட்டிலில் படுத்திருப்பவரிடம் சொல்லவில்லை. கட்டிலிடம்தான் சொன்னார்.

“பாதி வயித்த வெச்சிக்கினு முழு வாய் எப்பிடிங்க திங்கறது?” என்று கேட்டார் பாய் மாமா. நான் கன்னடத்தில் சொன்னேன். பெரிய டாக்டருக்கு நேரம் இல்லை, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கூட்டத்தின் கடைசியில் நின்ற பார்வதி என்ற இளம் டாக்டர் மட்டும் சாயங்காலம் திரும்பி வந்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். குழாய் விட்டபோதே இரைப்பையிலிருந்து அரிசி நுனி அளவு சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்திருந்தார்.

“பாய், இது மிளகாயில வர்றது அல்ல. திருகாணி மாதிரி வளைஞ்ச ஒரு கிருமி. உங்க வயித்துல இருக்கு. அது போட்ட புண்ணு இது.”

“கிருமியா? இரைப்பையில கிருமி பொழைக்காதுங்களே. ஆசிட் கொன்னுடும்” என்றேன் நான். புத்தகத்தில் அப்படித்தானே இருந்தது.

பார்வதி சிரித்தார். “எங்க பெரிய டாக்டரும் அதே சொன்னாரும்மா. ‘ஆஸ்திரேலியாவுல கண்டுபிடிச்சதா? அங்க கங்காரு வயித்துல இருக்கும்’னு சொன்னார்.”

பிறகு விஷயத்தைச் சொன்னார். ஆஸ்திரேலியாவில் இரண்டு டாக்டர்கள், புண் இருந்தவர்களின் இரைப்பையில் இந்தக் கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களாம். அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். அது தன்னைச் சுற்றி அமிலத்தை முறிக்கும் ஒரு பொருளைச் சுரந்துகொண்டு உள்ளே சௌக்கியமாக வாழ்கிறதாம். அவர்கள் சொன்னதைப் பெரும்பாலான டாக்டர்கள் நம்பவில்லை. அமிலத்தில் கிருமி வாழாது என்று அவர்கள் எல்லாரும் படித்திருந்தார்கள். படித்ததைக் கண்ணால் கண்டது மாற்றிவிடலாமா? அதனால் உலகம் முழுக்க வயிற்றை அறுத்துக்கொண்டே இருந்தார்கள், பால் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். இப்போதுதான் அமெரிக்காவில் பெரியவர்கள் கூடி, ஆமாம், கிருமிதான் என்று ஒத்துக்கொண்டார்களாம். அந்தச் செய்தி இன்னும் எல்லா வார்டுக்கும் வந்து சேரவில்லை.

“ரெண்டு வாரம் மாத்திரை. சரியாகலைன்னா அப்புறம் அறுக்கலாம். கத்தி எங்க ஓடிப்போகுது?” என்றார் பார்வதி.

பாய் மாமா அசையவில்லை. இதுவரை எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள், இதுவும் ஒன்று. “டாக்டரம்மா, தப்பா நெனைக்காதீங்க. கண்ணுன்னாங்க, டென்ஷன்னாங்க, இப்ப பூச்சின்றீங்க. இதான்னு எப்பிடி நம்பறது?”

“நீங்க கேக்கிறதத்தான் பாய், அந்த ரெண்டு டாக்டர்ல ஒருத்தர்கிட்டயும் எல்லாரும் கேட்டாங்க. யாரும் நம்பலியேன்னு, கிருமிய வளர்த்து, சூப்பு மாதிரி ஒரு கிளாஸ்ல ஊத்தி, தானே குடிச்சிட்டார்.”

பாய் மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தானேவா?”

“தானே.”

“தானே வளத்தத, தானே, மொதல்ல?”

“ஹவுது, ஆமா பாய். வேற யாருக்கும் கொடுக்கல. சில நாள்ல வாந்தி, வாய் நாத்தம். குழாய் போட்டுப் பார்த்தா இரைப்பை செவந்து வீங்கியிருக்கு, அதுல அதே கிருமி. குடிக்கிறதுக்கு முன்னாடி பொண்டாட்டிகிட்டகூட சொல்லலையாம்.”

“அதானே பாத்தேன். ஆம்பளைங்க எல்லா தேசத்துலயும் ஒரே ரகம்தான்” என்றாள் காத்தூன் அத்தை.

பாய் மாமா அவள் பேச்சைக் கேட்கவில்லை. முகத்தில் மாதக்கணக்காக இல்லாத ஒரு தெளிவு. ஆராய்ச்சி, அமெரிக்கா, மைக்ராஸ்கோப் எதுவும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தக் கிளாஸ் ஒன்றுதான் பட்டது. “பந்தியில உக்காந்தவங்க நம்பலன்னதும் தானே எடுத்து மொத வாய் வெச்சிட்டாரு மனுசன். அவரு பொய் சொல்ல மாட்டாரு” என்றார். பிறகு கையை நீட்டினார். “சரி டாக்டரம்மா. மொத வாய் ஆயிடுச்சு இல்ல? பந்தி போடுங்க.”

பெரிய டாக்டர் மறுநாள் கேள்விப்பட்டு, தோளைக் குலுக்கிவிட்டு, இரண்டு வாரம் கழித்து அறுவை அறையை ஒதுக்கிவைக்கச் சொன்னார். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மூன்று விதமான மாத்திரைகள். வாயெல்லாம் செப்புக்காசைச் சப்பிய மாதிரி இருக்கிறது என்றார் பாய் மாமா. நாக்கு கறுத்துப் போனது. அப்படி ஆகும், மருந்தை நிறுத்தினால் மாறிவிடும் என்று பார்வதி முன்பே சொல்லியிருந்தும், காத்தூன் அத்தை அழுதாள். அவரும் ஒரு நாள் பயந்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் கேட்டது: “உப்பு தெரியல காத்தூன். வயிறு பொழச்சு நாக்கு போச்சுன்னா, நான் எதுக்கு?” உப்புக்கல்லை நாக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

மாத்திரை முடிந்தது. நாக்கு சிவந்தது, உப்பு திரும்ப வந்தது. எரிச்சல் திரும்ப வரவில்லை. மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது புண் ஆறித் தழும்பாகியிருந்தது. ஒதுக்கிவைத்த அறுவை அறையில் வேறு யாரையோ அறுத்துக்கொண்டார்கள்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஓசூரில் மிளகாய்மேல் விழுந்த பழி அப்படியே இருந்தது. பாய் மாமாவுக்கு அதைத் துடைக்க வேண்டும். அதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். காத்தூன் அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“சமையக்காரன் வயித்துல கிருமி இருந்துச்சுன்னு தண்டோரா போடப் போறீங்களா? ஒருத்தரும் கை நனைக்க மாட்டாங்க.”

“அதான் செத்துப் போச்சே.”

“செத்தது உங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு இருந்ததுதான் தெரியும். மிளகான்னாவது ஒரு மரியாதையா இருக்குது. உட்டுடுங்க.”

அவள் சொன்னதில் தப்பில்லை. மிளகாய் என்றால் அவர் மசாலா கெட்டது. கிருமி என்றால் அவரே கெட்டவர். இரண்டில் எதைச் சொன்னாலும் தேக்சா காலி. அவர் எதனால் பிழைத்தார் என்பதையும் ஊரே ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தது. குணமானதற்கு அம்மாவின் உப்புக்கும், ராயக்கோட்டைக் கீரைக்கும், தர்காவுக்கும் சரிசமமாகப் புகழ் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டது. நல்லுசாமி, தான் சொன்ன பிறகு பாய் டென்ஷனைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார். பாலுக்குக்கூடப் பங்கு கிடைத்தது. பார்வதியின் பெயரை யாரும் கேட்கவில்லை.

“சொல்லாம மறச்சிக்கினு மொத வாய் தின்னா, அது மொத வாயா?” என்றார் பாய் மாமா. அத்தை வாசலை விட்டு நகரவில்லை.

அந்தச் சமயம் நல்லுசாமி யூனியனுக்குச் சம்பள ஒப்பந்தம் முடிந்தது. வெற்றியா தோல்வியா என்று தெரியாததால் பிரியாணி நிச்சயம் என்றாயிற்று. முனீர் அன்று வேறு கம்பெனிக்கு ஒத்துக்கொண்டிருந்தான். எனவே யூனியன் கொள்கை அடிப்படையில் மூத்த தொழிலாளியான தஸ்தகீர் பாயை அழைத்தது. ஒரு நிபந்தனையோடு.

“காரம் மட்டும் பாதியா போடுங்க பாய். ஆளுங்க பயப்படறாங்க.”

“காரம் அதே காரம்தான். பயப்படறவனுக்கு ஒரு டம்ளர் பால் வெச்சிடு.”

யூனியன் ஆபீசுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் அடுப்பு மூட்டினார்கள். காத்தூன் அத்தையும் நானும் அம்மாவும் வேலி ஓரம் நின்றோம். தம் உடைத்து மூடியை எடுத்தபோது ஆவியில் கண் எரிந்தது. யாரும் தேக்சாவைப் பார்க்கவில்லை. பாய் மாமாவையும், அவருக்குப் பின்னால் நின்ற வேப்பமரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நல்லுசாமி பத்தடி தள்ளி நின்றுகொண்டார், வெள்ளை வேட்டி.

பாய் மாமா ஒரு கரண்டி எடுத்தார். விழுது ஏறிச் சிவந்த கறித் துண்டாகப் பார்த்து எடுத்தார். “பிஸ்மில்லா” என்றார். வைத்தார். மென்றார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்த இடத்தில் வளையல் அழுந்தியது.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் “பந்தி போடுங்க” என்று அவர் சொல்லவில்லை. இன்னொரு வாய் எடுத்து, அதையும் விழுங்கிவிட்டுச் சத்தமாகப் பேசினார்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. எனக்கு வந்தது மிளகாயால இல்ல. வயித்துல ஒரு கிருமி இருந்துச்சு. பெங்களூர்ல மாத்திரை குடுத்தாங்க, செத்துப்போச்சு. எனக்கு மட்டும் இல்ல, நம்ம நாட்டுல முக்காவாசிப் பேரு வயித்துல அது இருக்குதாம். சில பேருக்குத்தான் புண்ணு போடுதாம். நாளைக்கி யாரோ வந்து சொல்லி நீங்க தெரிஞ்சிக்கக் கூடாது. இப்ப இஷ்டம் இருக்கறவங்க உக்காருங்க. இல்லாதவங்க ஊட்டுக்குப் போங்க.”

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

வரிசையில் முன்னால் நின்ற லேத் மெஷின்காரர் ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். “முக்காவாசிப் பேருன்னா, சூப்பர்வைசருங்களாத்தான் இருக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஒவ்வொருவரும் தன்னை மீதிக் கால்வாசியில் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார். “ஆசிட்டுல பூச்சியாம். இந்த பெங்களூர்காரனுங்க பாய நல்லா ஏமாத்தி உட்டுருக்கானுங்க” என்றார் ஒருவர். “கீரைய உட்டா வேற எது கேக்கும்?” என்றார் அடுத்த இலைக்காரர். “எத்தினி நாளாச்சு இந்த வாசன மோந்து” என்றபடி நல்லுசாமி தலைவர் இலையில் போய் உட்கார்ந்து, பால் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

உண்மையைச் சொன்னதால் தஸ்தகீர் பாய்க்கு ஒரு கெடுதலும் வரவில்லை. ஏனென்றால் ஒருவரும் நம்பவில்லை. அவர் இரண்டு வாய் தின்றும் நிமிர்ந்து நின்றதை மட்டும் நம்பினார்கள். அடுத்த வாரமே நாராயணப்பன் ஆள் அனுப்பினார். சேரில் உட்காரச் சொல்லவில்லை.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் முனீர் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். ஒரு கை சட்டைப் பொத்தானுக்குக் கீழே, வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தக் கை எந்த இடத்தில் இருந்தது என்று பார்த்ததும் எனக்கே புரிந்துவிட்டது.

“அண்ணே, அந்த பெங்களூர் டாக்டரம்மா…”

“யாருக்குடா?”

“தெரிஞ்ச ஒருத்தருக்கு.”

“தெரிஞ்சவரு காரம் கம்மியாத்தான திம்பாரு?”

முனீர் தரையைப் பார்த்தான். “பாலு குடிச்சிக்கினுதான் இருக்கேன்ணே. அடங்க மாட்டேங்குது.”

பாய் மாமா அவனைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்தார். அந்த அளவுக்கு அவரும் மனிதர்தான். பிறகு, “உள்ள வா. ஆஸ்பத்திரி வழி சொல்றேன். மொதல்ல சோதிச்சுப் பாக்கச் சொல்லு, நீயா மாத்திரை வாங்கி முழுங்காத” என்றார். அவன் செருப்பைக் கழற்றும்போது சேர்த்துக்கொண்டார்: “திரும்பி வந்ததும் கறிக்கடையில போயி நின்னு சொல்லணும். மிளகா இல்லன்னு. அழுதுக்கினே சொன்னாலும் பரவால்ல, உனக்கு அது நல்லா வருது.”

அவன் சொன்னானா? சொன்னான். கறிக்கடையில் யாரும் நம்பவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் சட்டைப் பொத்தானுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு, பால் டம்ளரோடு உட்கார்ந்திருப்பார். அவருக்குக் காரணம் சொல்ல ஊரே வந்து போயிருக்கும். நீங்கள் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். தஸ்தகீர் பாய் கதையைச் சொல்லுங்கள், அந்தக் கிருமி இருக்கிறதா என்று டாக்டரிடம் சோதிக்கச் சொல்லுங்கள். சிரிப்பார், நம்பமாட்டார். அடுத்தவருக்கும் சொல்லுங்கள். எங்கள் ஊரில் நம்பாமல் கேட்டவன் ஒருவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றானே, உங்கள் ஊரிலும் ஒருவர் வருவார்.